ஏழுக்கு மேல் எக்ஸ்ட்ரா

1

இந்தக் கதை என் உடம்பிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டது. அழகுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நடந்ததே அதுதான். இந்த வருடம், 2009 மாசியில், அவிநாசிபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் போடுகிற பழைய டி-ஷர்ட்டோடு அப்படியே இறங்கி வந்திருந்தேன். எதிர்ப்பக்கம் தாராபுரம் பஸ்ஸுக்காக ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் எழுந்து, ரோட்டைக் கடந்து, நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போட்டிருக்கற சட்டையக் கழட்டிக் குடுக்க முடியுங்களா? பதிலுக்குப் புதுசு வெச்சிருக்கறனுங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அவள் கையில் நிஜமாகவே பாலிதீன் பையில் புது டி-ஷர்ட் இருந்தது. என்னுடையதைத் திருப்பூரில் மிச்சச் சரக்கு விற்கிற காதர்பேட்டைப் பிளாட்பாரத்தில் வாங்கியிருந்தேன். நெஞ்சில் ஒரு பெண்ணின் முகம் அச்சாகியிருக்கும். யாரோ வெளிநாட்டு நடிகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நடிகை இல்லையாம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவாம்.

சட்டையைத் தருகிறேன், காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். பஸ் வரத் தாமதமானதால் சொன்னாள். அவள் பெயர் ரோஸ்மேரி. ஓர் இடம் வரைக்கும் சொன்னாள். அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். அந்த இடத்தில் நின்றுகொண்டு இப்போது நான் திண்டாடுகிறேன்.

இதற்கிடையில் கோவையிலிருந்து ஒரு சிற்றிதழ் ஆசிரியர் உயிரை வாங்குகிறார். 'கலைக் கல்வி' சிறப்பிதழாம், கதை வேண்டுமாம். "பனியன் மட்டும் வேண்டாம் சார். திருப்பூர்க்காரங்க யாரைக் கேட்டாலும் பனியனையே எழுதறீங்க" என்று வேறு ஒரு நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். இந்தக் கதையில் பனியனைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

2

முதல் தொடக்கம்: 'சென்னையில் அந்தக் கல்லூரியின் செங்கல் கட்டடத்தின் மேல் மாலை வெயில் சாய்ந்தபோது ரோஸ்மேரி—'

நிறுத்தினேன். நான் எந்தக் கலைக் கல்லூரிக்குள்ளும் கால் வைத்ததில்லை. கட்டடம் செங்கல்லா சுண்ணாம்பா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு பிம்பம் பிரதியெடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது தன் மூலத்திலிருந்து—'

அய்யய்யோ. இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன். இப்படி எழுதினால் ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும், அதுதான் பயம்.

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நேராக:

ரோஸ்மேரியின் அப்பா சகாயராஜ் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பூபாலன் என்பவரின் பிரிண்டிங் பட்டறையில் ரப்பர் பிடிக்கிறார். நீளமான மேசையில் வெட்டிய துணிகளை வரிசையாக ஒட்டி, மேலே ஸ்கிரீனை வைத்து, ரப்பர் கட்டையால் மையை இழுத்துவிடுகிற வேலை அது. அம்மா சவரியம்மாள் வேறொரு கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் பழுது பார்க்கிற வேலை. ஒரே மகள் சென்னையில் எம்.எஃப்.ஏ. இரண்டாம் வருடம், அச்சுக்கலைப் பிரிவு. ஓவியத்தில் மேற்படிப்பு என்றால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது என்று சகாயராஜ் எல்லோரிடமும் 'பிரிண்டிங்ல எம்.ஏ.' என்று சொல்லிவைத்திருந்தார். அதைத்தான் நீ படிக்காமலேயே செய்கிறாயே, பிள்ளையை எதற்குச் சென்னைக்கு அனுப்பினாய் என்று அவர்கள் கேட்டார்கள். இதற்குப் பதில் ரோஸ்மேரியிடம் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

(அடிக்குறிப்பு. கீழே போட்டால் ஒருவரும் படிக்கமாட்டீர்கள் என்பதால் நடுவில் போடுகிறேன். அச்சுக்கலையில் ஒரு விதி உண்டு. ஒரு படத்தை எத்தனை பிரதி எடுக்கப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏழு என்றால் ஏழு. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். முடிந்ததும் அச்சை அழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு பிரதி கூடுதலாக இருந்தாலும் அந்தக் கையெழுத்துகள் எல்லாம் பொய். இந்த விதியைத் திருப்பூரில் கொண்டுவந்து வைத்ததுதான் ரோஸ்மேரி செய்த தப்பு.)

3

இறுதித் தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது அம்மா தூங்குகிற முகம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, சோற்றைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் சவரியம்மாள் தூங்கிப்போன ஒரு சாயங்காலம் அவள் போட்டோ எடுத்திருந்தாள்.

[இந்த இடத்தில் அந்த முகத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. அடித்துவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆசிரியர் போன் செய்து, "படம் கண்ணுக்குத் தெரியலையே சார்" என்கிறார். தெரியாதுதான்.]

சவரியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோவைப் பார்க்கவும் மாட்டேன் என்றுவிட்டார்.

"வேணாத்தா. முழிச்சிருக்கப்ப எடு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். தூங்குற மூஞ்சிய நானே பாத்ததில்ல. ஊரு பாக்கணுமா?"

ரோஸ்மேரி கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க அம்மாவின் பின்னாலேயே சுற்றினாள். விழித்திருக்கிற முகம் எல்லோரிடமும் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று வாதாடினாள். உழைக்கும் பெண்ணின் ஓய்வு அது இது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஏழே ஏழுதாம்மா. சென்னையில ஒரு ரூமுக்குள்ள தொங்கும். நம்ம ஆளுக ஒருத்தரும் அங்க வரமாட்டாக. சத்தியமா ஏழுக்கு மேல ஒண்ணு இருக்காது."

சவரியம்மாள் சரி என்றது அந்த ஏழுக்காகத்தான். இதை மறந்துவிடாதீர்கள். படங்களில் போடுவதற்கு முன்னாலேயே அவள் கையெழுத்துப் போட்டது அம்மாவிடம்.

4

காகிதத்தில் வேண்டாம், அம்மா நாளெல்லாம் புரட்டிப் பார்க்கிற அதே பனியன் துணியில் அச்சடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தத் துணி கல்லூரி மேசையில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. அப்பாவின் பட்டறையில் என்றால் பசை தடவி ஒட்டி வைக்கலாம். ரப்பரும் அப்பா கையாலேயே இழுக்கட்டும் என்று நினைத்தாள். 2008 பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "நம்ம பட்டறைதான கண்ணு, போட்டுக்க" என்று பூபாலன் சாவியைக் கொடுத்தார்.

ஏழு என்றதும் சகாயராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பிளுக்கே அதற்கு மேல் அடிப்பார்களே என்றார். அவள் விதியைச் சொன்னாள். தலையாட்டினார். அவர் தலையாட்டினால் புரிந்துகொண்டார் என்று பொருளில்லை, எதிரே இருப்பது தன் மகள் என்று பொருள்.

ஏழும் அருமையாக விழுந்தன. கண்ணோரத்து நிழல்கூடச் சிதறாமல்— [அடித்தேன். பார்த்தீர்களா, எப்படி நுழைகிறது!] அவள் காய்ந்த ஏழு துணிகளையும் எடுத்துக்கொண்டு சாப்பாடு வாங்கக் கிளம்பினாள். படம் அழியும்படி ஸ்கிரீனைக் கழுவிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இங்கே ஒரு நிமிடம். சகாயராஜை நான் முதலில் குடிகாரராக எழுதியிருந்தேன். மகளின் படத்தைக் கூடுதலாக அடித்து ரகசியமாக விற்றுக் குடித்துவிட்டார் என்று. வசதியாக இருந்தது, கதை மளமளவென்று ஓடியது. ஆனால் அந்த மனுஷர் குடிக்கமாட்டார் என்று ரோஸ்மேரி டீக்கடையிலேயே சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். குடிகார அப்பா இல்லாமல் தமிழில் ஒரு கதையை நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். திருப்பூரில் ஒருவரும் கேட்ட எண்ணிக்கைக்குச் சரியாக அடிப்பதில்லை. செக்கிங்கில் கொஞ்சம் கழியும், தையலில் கொஞ்சம் கழியும், அதற்காகக் கூடுதலாகப் போட்டே தீர வேண்டும். அதற்குப் பெயர் எக்ஸ்ட்ரா. எக்ஸ்ட்ரா போடாதவன் பொறுப்பில்லாதவன். ஸ்கிரீனில் மை மிச்சம் இருந்தது. ரத்தாகிப்போன ஓர் ஆர்டரின் முன்பக்கத் துணிகள் அலமாரியில் கிடந்தன. சென்னையில் ஒன்றிரண்டு ரிஜெக்ட் ஆனால் பிள்ளை அங்கே யாரிடம் போய் நிற்கும் என்று சகாயராஜ் யோசித்தார். மை தீரும் வரைக்கும் அடித்தார். பிறகு ஸ்கிரீனை நன்றாகக் கழுவினார். அடித்ததையெல்லாம் கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவள் கேட்கும்போது எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

அவள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்?

5

பூபாலன் அலமாரியை ஒழித்தபோது ரத்தான ஆர்டரின் பின்பக்கம், கை எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. முன்பக்கத்தில் படமும் நன்றாக இருந்தது. தைக்கக் கொடுத்தார். வந்ததை மற்ற மிச்சச் சரக்கோடு சேர்த்துக் காதர்பேட்டை வியாபாரிக்குத் தள்ளிவிட்டார். அது யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியாது. சவரியம்மாளை அவர் பார்த்ததுகூட இல்லை.

யாரையாவது பிடித்துத் திட்டலாம் என்றால் ஆளே அகப்படவில்லை. இதில்தான் எனக்கு எரிச்சல். அப்பா பாசத்தில் செய்தார், முதலாளி பழக்கத்தில் செய்தார், வியாபாரி வியாபாரம் செய்தார், நான் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன். வில்லன் இல்லாத கதையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

பங்குனியில் ஒருநாள் சவரியம்மாள் வேலைக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறினார். நல்ல கூட்டம். முன்னால் கம்பியைப் பிடித்து நின்ற வடநாட்டுப் பையன் திரும்பினான். அவன் நெஞ்சில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். வேலைக்குப் போகவில்லை. ஒரு பெட்டிக்கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து சென்னைக்குக் கூப்பிட்டார்.

"ரோசு, ஏழுன்னுதானத்தா சொன்ன?"

"ஆமாம்மா. ஏழுதான். ஏன்?"

"அப்ப பஸ்ஸுல எம் முன்னால நின்னவன் போட்டிருந்தது எத்தனாவது?"

ரோஸ்மேரி உடனே போன் போட்டு அப்பாவைக் கேட்டாள். "எக்ஸ்ட்ராத்தானத்தா போட்டேன்" என்றார். எத்தனை என்று கேட்டாள். மை தீரும் வரைக்கும் என்றார். அதைவிடச் சரியான கணக்கு அவரிடம் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை.

6

(ஆசிரியருக்கு: இனி பனியன் கொஞ்சம் குறையும், கலைக் கல்வி வருகிறது. சந்தோஷம்தானே?)

ரோஸ்மேரி தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் அழுதாள். ஏழு பிரதியும் செல்லாது, கையெழுத்துப் பொய், தேர்வில் தள்ளிவிடுவார்கள், இன்னொரு வருடம் படிக்க வீடு தாங்காது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"இது விபத்து இல்லம்மா, இதுதான் உன் ஒர்க்! சர்க்குலேஷன்! தொழிலாளியோட முகம் தொழிலாளி முதுகிலேயே ஏறி ஊரெல்லாம் போகுது. அந்த ஷர்ட்டையெல்லாம் தேடி வாங்கிட்டு வா. போட்டிருக்கிறவங்களைப் போட்டோ எடு. எல்லாத்தையும் தொங்க விடு. கோல்ட் மெடல் நிச்சயம்."

முதுகு இல்லை சார், நெஞ்சு என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது.

அவர் கெட்டவர் இல்லை. (பாருங்கள், இவரும் வில்லனாகமாட்டேன் என்கிறார்.) அவர் சொன்னதில் புத்திசாலித்தனம் இருந்தது என்பதுதான் அவளை வதைத்தது. அப்படிச் செய்தால் அவள் தப்பித்துவிடுவாள். தப்பு கருத்தாகிவிடும். அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் மட்டும் தொங்கவிடப்படும், விளக்குப் போட்டு.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவிடமிருந்து போன். திட்டவில்லை, அழவில்லை. "பரீட்சைக்கு நானும் வாரேன். அந்த ஏழு படத்தையும் ஒருக்கா பாக்கணும்" என்றார்.

7

கல்லூரிக் காட்சி அறை. (கட்டடம் எதனால் ஆனதோ, விட்டுவிடுங்கள்.) ரோஸ்மேரி டி-ஷர்ட் எதையும் தொங்கவிடவில்லை. ஏழு படங்களை மட்டும் சுவரில் மாட்டியிருந்தாள். பேராசிரியருக்கு வருத்தம், ஆனாலும் அந்த டி-ஷர்ட் விஷயத்தைப் பேச்சுவாக்கில் நீயே எடுத்துச் சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தார்.

சவரியம்மாள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார். விழித்திருக்கும்போது எடு என்று சொன்னபோது கட்டிக்கொள்வதாக இருந்த சேலை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார். என்ன நினைத்தார் என்று ரோஸ்மேரிக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியாததை நான் இட்டுக்கட்டமாட்டேன்.

தேர்வாளர் வெளி மாநிலத்துக்காரர், வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். படங்களை ரொம்ப நேரம் பார்த்தார். அடியில் இருந்த பென்சில் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் அவளிடம், மொத்தம் ஏழுதானா, இதைத் தவிர வெளியே எதுவும் இல்லையே என்று கேட்டார். பேராசிரியர் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"என்னத்தா கேக்குறாரு?" என்றார் சவரியம்மாள்.

"எத்தனை இருக்குன்னு கேக்குறாரும்மா."

சவரியம்மாளும் மகளின் முகத்தைப் பார்த்தார். பதிலுக்கு இப்போது இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் தாராபுரம் பஸ் வந்துவிட்டது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று பதறிப்போய்க் கேட்டேன். "அது உங்க சட்டைக்குக் கட்டாதுங்க" என்றாள். கண்டக்டரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிவந்தேன். பழையதை வாங்கி, படம் உள்பக்கமாகப் போகும்படி மடித்துப் பையில் வைத்தாள். அந்த அம்மா என் புதுச் சட்டையைப் பார்த்து, "தோளு பிடிக்கலையே தம்பி?" என்று கேட்டார். இல்லைங்கம்மா என்றேன். மூஞ்சியைப் பத்தி ஒரு வரி எழுதாதீங்க என்று படியில் ஏறிக்கொண்டே ரோஸ்மேரி சொன்னாள். நான் எழுதுகிறவன் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. டீக்கடைக்காரர்தான் சொல்லியிருக்க வேண்டும், அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது.

8

முடிவுகள்.

அ. 'ஏழுதான்' என்று சொல்கிறாள். தேர்வாளர் மதிப்பெண் போடுகிறார். பொய் சொன்ன பெண்ணுக்குப் பட்டம். அம்மாவுக்கு எதிரிலேயே சொன்ன பொய். என்னால் இதை எழுத முடிந்தது, படிக்க முடியவில்லை.

ஆ. சர்க்குலேஷன் என்று ஆரம்பிக்கிறாள். தேர்வாளர் கைகுலுக்குகிறார். ஆங்கிலம் புரியாத சவரியம்மாள், மகளை மெச்சுகிறார்களே என்று சிரிக்கிறார். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பு வரையில் வந்து, பேனாவை எறிந்துவிட்டேன்.

இ. ஒன்றும் பேசாமல் ஏழு படங்களையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுகிறாள். ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எனக்கும் ஒருநாள் பூரா பிடித்திருந்தது. மறுநாள் யோசித்தால் அந்தத் தேர்வாளருக்கும் இது பிடித்துவிடும்! திருப்பி மாட்டியதற்கும் மதிப்பெண் போடுவார். கழற்றி மடித்துக்கொண்டு வெளியே போனாலும் போடுவார். அந்த அறைக்குள் என்ன செய்தாலும் அது கலையாகிவிடும், என்ன கண்றாவி இது? ஒரு பெண் தன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அங்கே இடமில்லை.

ஈ. 'தெரியவில்லை' என்று சொல்கி—

இல்லை. விட்டுவிட்டேன். எத்தனை என்று அவளுக்கே தெரியாது, உண்மை அதுதான் என்றாலும் விட்டுவிட்டேன்.

9

ஆசிரியர் இன்று காலையும் கூப்பிட்டார். முகத்தை வர்ணிக்க வேண்டும், முடிவைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை அரைகுறையாக நிற்கிறது என்றார். எத்தனை பிரதி அடிப்பீர்கள் என்று கேட்டேன். ஐந்நூறு என்றார். கொஞ்சம் கூடுதலாகவே அடிப்போம் சார், தபாலில் தொலையும், என்றார்.

எக்ஸ்ட்ரா!

அதனால்தான் அந்தப் பத்தியை அடித்தேன். அதை இங்கே விட்டிருந்தால் நீங்கள் ஒவ்வொருவரும் சவரியம்மாள் தூங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சகாயராஜாவது மை தீர்ந்ததும் நிறுத்தினார். எனக்கு அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது.

முடிவு மட்டும் பாக்கி. தேர்வாளரிடம் அவள் என்ன சொன்னாளோ, பட்டம் வந்ததோ இல்லையோ, அது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். ஒரு வருடத்துக்குப் பிறகும் அவள் பையில் புதுச் சட்டைகளை வைத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆட்களிடம் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். யோசித்துப் பாருங்கள், அது எவ்வளவு கூச்சமான வேலை. ஏழு என்று சொன்னதை ஒவ்வொரு சட்டையாக உண்மையாக்கிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் கேள்விக்கு அதுதான் அவளுடைய பதில், இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

என்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டேன். மிச்ச முடிவு உங்களில் யாரிடமோ இருக்கிறது. போன வருடம் காதர்பேட்டைப் பிளாட்பாரத்தில் டி-ஷர்ட் வாங்கியவர்கள் ஒருமுறை பீரோவைத் திறந்து பாருங்கள். வண்டி துடைக்கப் போட்டிருந்தால் அங்கேயும் பாருங்கள். இருந்தால் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், நான் சேர்த்துவிடுகிறேன். துவைத்து அனுப்பினால் போதும், தேய்க்க வேண்டாம். மடிக்கும்போது மட்டும் படத்தைப் பார்க்காமல் மடியுங்கள்.